பெட்டியின்மேல் எழுதிய பெயர்

லிவோர்னோ, இத்தாலி

அன்பார்ந்த நண்பருக்கு,

தங்கள் கடிதம் பிளாரன்ஸுக்கு வந்து, அங்கிருந்து என்னைத் தொடர்ந்து இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வசந்தத்தில் தாங்களும் தங்கள் துணைவியாரும் இத்தாலிக்கு வரவிருப்பதாகவும், இங்கே வாங்கும் சாமான்களை விமானத்தில் கையோடு கொண்டு வருவதா, கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுவதா, தபாலில் சேர்ப்பதா என்பதைப் பற்றி என் அபிப்பிராயம் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். இக்கேள்விக்கு விடை எழுத இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில், 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்த இங்கிலாந்துச் செல்வர்கள், ரோமாபுரியிலும் பிளாரன்ஸிலும் நேப்பிள்ஸிலும் ஆசையோடு வாங்கிய படங்களையும் பளிங்குச் சிலைகளையும் புத்தகங்களையும் பெட்டிகளில் அடைத்துத் தங்கள் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பியது பெரும்பாலும் இந்தத் துறைமுகத்திலிருந்துதான்.

லிவோர்னோவில் பிளாரன்ஸின் சித்திர மாளிகைகளைப் போன்றவை இல்லை. இருந்த பழமையிலும் பெரும்பகுதி இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. ஆயினும் இது ஓர் உயர்ந்த எண்ணத்தின்மீது எழுந்த நகரம். மெடிச்சி வம்சத்து முதலாம் பெர்டினாண்டோ, 1591இலும் 1593இலும் வெளியிட்ட சாசனங்களால், யூதர், கிரேக்கர், ஆர்மீனியர், துருக்கியர், ஆங்கிலேயர் என எத்தேசத்து வணிகராயினும் இங்கே குடியேறி அச்சமின்றித் தொழில் நடத்தலாம் என்று அழைப்பு விடுத்தான். அவ்வழைப்பை ஏற்று வந்தவர்கள் இதைத் துறைமுகமாக்கினார்கள். வெனீசியா என்று பெயர் பெற்ற பழைய பேட்டையில், வீடுகளின் அடித்தளத்தை ஒட்டியே கால்வாய்கள் செல்கின்றன. படகில் வந்த சரக்கு தெருவை எட்டிப் பாராமல் நேரே நிலவறைக் கிடங்குக்குள் இறங்கும்படி அக்காலத்தவர் அவற்றை அமைத்திருக்கிறார்கள். பிளாரன்ஸிலிருந்து வரும் பெட்டிகள் ஆர்னோ நதியில் பைசா வரையிலும், அப்பால் நாவிசெல்லி என்னும் வெட்டுக் கால்வாயிலும் மிதந்து வந்தன. அந்தக் கிடங்குகளின் வளைவான கதவுகளைப் பார்த்துக்கொண்டு கால்வாய்க் கரையில் மாலை நேரத்தில் நடப்பது மனத்துக்கு மிகவும் இதமாயிருக்கிறது.

நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவைத் தாங்கள் அறிவீர்களோ என்னவோ. சார்டீனியா, கார்சிகா, துனீசியா ஆகியவற்றின் கரையோரம் மூழ்கி எடுத்த செம்பவளத்தை இவ்வூர்ப் பட்டறைகளில் அறுத்து, துளையிட்டு, மணிகளாக உருட்டி, லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்னைப்பட்டினத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரம் மேற்கே சென்றது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மதக்கொடுமைக்கு ஆளாகி வெளியேறிய யூதக் குடும்பத்தினரே இந்த வியாபாரத்தில் முன்னின்றவர்கள். 1688இல் சென்னை நகரசபை தொடங்கியபோது அதன் ஆல்டர்மன்கள் 12 பேரில் மூவர் யூத வணிகர்களாக இருந்தார்கள் என்றால், பவளமும் வைரமும் அவர்களுக்கு அங்கே அளித்திருந்த அந்தஸ்தை ஊகித்துக் கொள்ளலாம். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் அப்பெயரோடு இருக்கிறதல்லவா? நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த பவளமணிகளில் எத்தனை இந்தக் கால்வாய்க் கரைகளைக் கடந்து வந்தவையோ! லிவோர்னோவில் கப்பலேறிய சரக்கு, கண்டறியாத பல கைகள் மாறி, நம் வீட்டுப் பெண்மணிகளிடம் பழுதின்றி வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, தூரதேசத்திலிருந்து பொருள் அனுப்புவதில் நமக்கு இருக்கும் அச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

ஆனால் வந்து சேராத பெட்டிகளின் கதையைத்தான் நான் முக்கியமாகத் தங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் 1778ஆம் ஆண்டு பிரான்ஸும் சேர்ந்துகொண்டதனால், மத்தியதரைக் கடலில் செல்லும் ஆங்கிலக் கப்பல்களுக்குப் பெரிய ஆபத்து ஏற்பட்டிருந்த சமயம் அது. வெஸ்ட்மோர்லண்ட் என்னும் ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பல், இங்கிருந்து லண்டனுக்குச் செல்லும் வழியில், 1779 ஜனவரியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களிடம் சிக்கி, ஸ்பெயின் தேசத்து மாலகாத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதில் பட்டும் எண்ணெயும் 32 பெரிய பார்மாப் பாலாடைக்கட்டி வட்டுகளும் இருந்தன. அவற்றோடு, இத்தாலியைச் சுற்றிப் பார்த்த வாலிபர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் வீட்டுக்கு அனுப்பிய 50க்கும் மேற்பட்ட பெட்டிகளும் இருந்தன. பிரனேசி செதுக்கிய ரோமாபுரிக் காட்சிகளின் பெருந்தொகுதிகள், நீர்வண்ணச் சித்திரங்கள், பளிங்குச் சிலைகள், வெசூவியஸ் எரிமலைக் குழம்புக் கற்கள், விசிறிக்கென்று வரைந்த தாள்கள், யாத்திரைக்காரர் ஓரத்தில் குறிப்பு எழுதிய வழிகாட்டி நூல்கள் என்று, ஒரு தலைமுறையின் ரசனை முழுவதும் அந்தப் பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தது.

ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் அவற்றை விலைக்கு வாங்கினார். 1783இல் அவை மாட்ரிடிலுள்ள சான் பெர்னாண்டோ கலைக்கழகத்துக்கு வந்தன. அதற்குள்ளாக ஒரு பெரிய ஓவியம் மட்டும் வேறு வழியிற் சென்றுவிட்டது. வேல்ஸ் தேசத்துச் செல்வர் சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் என்பவர் மெங்ஸ் என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்த பெர்சியஸ், ஆந்திரோமேதா படம், பிரெஞ்சுக் கடற்படை மந்திரியின் கைக்குப் போய், ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனுக்கு விற்கப்பட்டு, இன்று ஹெர்மிடாஜ் காட்சிசாலையில் இருக்கிறது. பிரான்சிஸ் பாசெட் என்ற கார்ன்வால் இளைஞன், பொம்பேயோ பாத்தோனி என்ற ஓவியரிடம் 1778இல் தன் உருவத்தை வரைவித்துக்கொண்டு, பின்னணியில் புனித பீட்டர் ஆலயம் தோன்ற நிற்கும் கோலத்தில் அதை வீட்டுக்கு அனுப்பினான். அது மாட்ரிடில் பிராதோ காட்சிசாலையிலேயே தங்கிவிட்டது. அப்பிள்ளை வளர்ந்து, பிரபுப் பட்டம் பெற்று, முதுமை எய்தி மறைந்த காலம் முழுவதும், இருபது வயதுப் பருவத்தின் அந்த முகம் அந்நிய தேசத்துச் சுவரிலேயே இருந்தது என்பதைப் படித்தபோது என் மனம் கனத்தது.

கலைக்கழகத்தில் அந்தப் பொருள்கள் பெரும்பாலும் சிதறிப்போகாமல் இருந்தபோதிலும், அவை யாருடையவை என்பது இரு நூற்றாண்டுகளாக மறைந்திருந்தது. சில புத்தகங்களிலும் படங்களிலும் பி.ஒய். என்ற இரண்டு எழுத்துக்கள் காணப்பட்டன. ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவை என்பதைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்துக்களே அவை என்று கண்டுகொண்ட பிறகு, கலைக்கழகத்தின் தொல்லியல் அறிஞர் ஹோசே மரியா லூஸோனும் அவரைச் சேர்ந்தவர்களும் பழைய சரக்குப் பட்டியல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பெட்டியின்மேலும் உரியவர் பெயருக்கு அடையாளமாகப் பொறித்திருந்த எழுத்துக்களைக் கொண்டு, இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று வகைப்படுத்தினார்கள். இங்கிலாந்து அரசரின் சகோதரரான குளஸ்டர் கோமகனுடைய பெட்டிகளும் அவ்விதமே அடையாளம் காணப்பட்டன. 2012இல் ஆக்ஸ்போர்டிலும் யேலிலும் நடந்த கண்காட்சியில் அவற்றில் பல மீண்டும் உடையவர் பெயரோடு ஒன்றாக வைக்கப்பட்டன. கப்பல் போயிற்று, காப்புறுதி செய்தவர்கள் நஷ்டப்பட்டார்கள், உடையவர்கள் மாண்டார்கள். பெட்டிமேல் எழுதிய இரண்டு மூன்று எழுத்துக்கள் மட்டும் உண்மையைக் காப்பாற்றி வைத்திருந்தன. ஆகையால், தங்கள் கேள்விக்கு என் முதல் விடை, பெயரையும் விலாசத்தையும் சிரத்தையோடு எழுதுங்கள் என்பதே. மேலே எழுதினால் போதாது. அதே விலாசத்தையும் உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். வெளித்தாள் நனைந்து கிழிந்தாலும் உள்தாள் பேசும்.

இனி என் சொந்த அனுபவம். பிளாரன்ஸுக்கு அருகே மொன்தெலூப்போ என்ற ஊரில் வர்ணம் தீட்டி மெருகிட்ட மண்தட்டுகளைத் தங்கள் துணைவியாருக்கென்று வாங்கினேன். அவற்றைக் கட்டிக் கொடுத்த முதிய பெண்மணியின் கைவேலையைப் பார்ப்பதற்காகவே அவ்வூருக்கு மறுபடியும் போகலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், தனித்தனியே தாளில் சுற்றி, ஏட்டுச் சுவடிகளை அடுக்குவதுபோல் விளிம்பில் நிறுத்தி, இடைவெளி தோன்றும் இடமெல்லாம் கசக்கிய காகிதத்தைத் திணித்து, அந்தப் பெட்டியை அதனினும் பெரிய மற்றொரு பெட்டிக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே மெத்தென்ற பொருளை நிரப்பினார். படுக்க வைத்த தட்டு மேலிருக்கும் சுமை முழுவதையும் தாங்கி நடுவில் பிளக்கும். நிறுத்திய தட்டு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார். முற்காலத்தில் வைக்கோல் வைத்துக் கட்டினார்களாம். இப்போது தாவரங்களின் வழியே நோயும் பூச்சியும் பரவாமல் தடுப்பதற்கான விதிகளின்படி இந்தியாவுக்கு வைக்கோல் வைத்து அனுப்பலாகாது. மரப்பெட்டியானாலோ, மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிஷம் இருக்கும்படி பதப்படுத்தி, கோதுமைக்கதிர் முத்திரை இட்டிருக்க வேண்டும்.

தங்கள் மகளுக்கென்று ஒரு வைக்கோல் தொப்பியும் வாங்கினேன். ஆர்னோக் கரையிலுள்ள சிக்னா என்ற ஊரில் பின்னப்படும் இத்தொப்பிகள் இந்தத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்று பிரசித்தியடைந்தவை. பூப்போன்ற கனமுள்ள இதை அனுப்புவதில்தான் எதிர்பாராத செலவு இருக்கிறது. தனியார் கூரியர் ஸ்தாபனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. ஒரு சாண் தொப்பிக்கு 50க்கு 40க்கு 30 என்ற பெட்டி வைத்தால் 12 கிலோ ஆகிவிடும். ஆகவே இலேசான பெரிய பொருளைக் கையோடு கொண்டு வாருங்கள். கனமான சிறிய பொருளை அனுப்புங்கள். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்.

வரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், இந்நாட்டு விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் பொருளைச் சொந்தச் சாமானோடு எடுத்துச் சென்று, புறப்படும் இடத்துச் சுங்கத்தில் காட்டுகிறவர்களுக்கே அந்தச் சலுகை. தபாலில் சேர்த்தால் அது போய்விடும். நம் நாட்டிலோ, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் அன்பளிப்புக்கு முன்பிருந்த வரிவிலக்கு, ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் நீங்கலாக, 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. சுங்கத்தாளில் அன்பளிப்பு என்று எழுதிக் குறைந்த விலையைப் போட்டுவிடலாமென்று ஒரு கடையில் யோசனை சொன்னார்கள். நான் இணங்கவில்லை. பெட்டி உடைந்தாலும் தொலைந்தாலும் நாம் எழுதிய விலைக்கு மேல் ஒரு காசும் ஈடு கிடைக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சுங்கத்தாளில் எழுதுவதை ஒரு தேசத்துக்கு நாம் கொடுக்கும் வாக்கு என்று நான் கருதுவதே. 1874இல் பெர்ன் நகரில் 22 தேசங்கள் கூடித் தபால் ஒப்பந்தம் செய்த பிறகுதான், ஓர் ஊரில் ஒட்டிய தபால்தலைக்குப் பிற தேசங்களிலும் மதிப்பு உண்டாயிற்று. 1876இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1880இல் பாரிஸில் பார்சல்களுக்கும் அந்த ஏற்பாடு விரிந்தது. மனிதகுலம் தனக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளில் இதைப்போல் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்துவருவது வேறெதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதில் பொய் எழுத என் கை வரவில்லை.

பழம்பொருள் எதையும் வாங்காதீர்கள். 1763 முதல் ரோமாபுரியில் பழம்பொருள்களின் காவலராயிருந்த வின்கெல்மன் அனுமதி கொடுக்காமல் சிலைகள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்றிருந்த காலத்திலிருந்தே இங்கே அவ்விஷயத்தில் கண்டிப்பு உண்டு. இப்போது 70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளானால் உரிய அலுவலகத்தில் விவரம் தெரிவிக்காமல் அனுப்ப இயலாது. தங்கள் மேஜைக்கு நேற்று வனைந்த கலமே போதும். வனைந்தவர் கண்ணெதிரே இருக்கிறார்.

தட்டுகளும், பிளாரன்ஸில் நீரின்மேல் சாயத்தைத் தெளித்துத் தாளில் ஏந்தி எடுத்த வர்ணக் காகிதங்களும் அடங்கிய பார்சலை இன்று காலை இங்குள்ள தபால் நிலையத்தில் சேர்த்தாயிற்று. ரசீதின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்சல் வந்ததும், தபால்காரர் எதிரிலேயே நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சுங்கவரி கேட்டால் கட்டிவிடுங்கள், வந்து தருகிறேன். ஏதேனும் உடைந்திருந்தால் பெட்டியையும் காகிதத்தையும் எறிந்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள், அவற்றைப் பார்க்காமல் ஈடு தரமாட்டார்கள். வரவேயில்லையென்றால், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதை நான் இங்கிருந்தே செய்ய முடியும், ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். வர்ணக் காகிதங்களில் நீலநிறத்தது தங்கள் தம்பிக்கு. மற்றவை தாங்கள் பைண்டு செய்யக் கொடுக்கப்போகும் புத்தகங்களுக்கு. தொப்பி என் கையோடு வருகிறது.

தங்கள் அன்புள்ள நண்பன்.