எது முந்தியது?

அடியில் கிடப்பது மூத்தது, மேலே படிந்தது இளையது. 1669இல் நிக்கொலாஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க்காரர் எழுதிவைத்த விதி இது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குச் சரியாகப் பொருந்தும். மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த அடுக்குகள் அங்கே பெரும்பாலும் படிந்தபடியே கிடக்கின்றன. அதே விதியை நம்பி மலைநாட்டின் எல்லவுக்கு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நாங்கள் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போகும் இங்குள்ள கல், ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்தது. மழைக்குப் போட்ட கம்பளியை நாலாய் மடித்துச் சுருட்டியபின் எது மேல், எது கீழ்? தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையை அறுத்த இடங்களில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். அவை வண்டல் படிந்த அடுக்குகள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. வெந்தபோது கனிமங்கள் பிரிந்து வரிசைகட்டியதாகவும் இருக்கலாம்.

அதனால் இங்கே வேறு கணக்கு. வரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கல் ரேகை போகிறதா? ரேகைதான் பின்னால் வந்தது. இல்லாத ஒன்றை எப்படி அறுப்பது? வருடம் தெரியாவிட்டாலும் முன்பின் தெரிந்துவிடும். எனக்கு இந்த நியாயம் ஸ்டெனோவின் விதியைவிடப் பிடிக்கும்.

இன்னொரு சாட்சியைத் தோட்டத்து ஸ்டோரிலேயே மூட்டையாகப் பார்க்கலாம். மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தேயிலைக்குப் போடும் டொலமைட் தூள், மலைநாட்டில் பளிங்காகிப்போன சுண்ணாம்புக்கல்லை அரைத்தது. அந்தக் கல் முன்பு கடலடி வண்டல். அப்படியென்றால் மலைக்கு முந்தியது கடல்.

கல்லை விட்டு மண்ணுக்கு வந்தால் விஷயம் உயிரோடு விளையாடுகிறது. கான் வெட்டும்போது சிவப்பு மண்ணுக்குள் வெள்ளைக்கல் ரேகை அறுபடாமல் ஓடினால், அந்த மண் இருந்த இடத்திலேயே உக்கிய பாறை. பாறைக்கு மேலே இருக்கிறதே என்று அந்த மண்ணை இளையதென்று நினைக்கக் கூடாது. பாறை மேலிருந்து கீழாகத்தான் உக்குகிறது. ரேகையே இல்லாமல், பெரிதும் சிறிதுமான கற்கள் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் கதை வேறு. அது மேலேயிருந்து எப்போதோ சரிந்து வந்து குவிந்த மண். அங்கே ஸ்டெனோ சொன்னது சரி: மேலே கிடப்பது பின்னால் வந்தது. ஒருமுறை வந்த வழியில் இன்னொரு முறையும் வரலாம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணை வாசித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சனம் அதே லயங்களில்தான் இருந்தது.