கதிரவன் நடத்திய பாடம்

(அறிவியல் ஆசிரியை, எட்டாம் வகுப்பு)

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் அணை எப்போது திறக்கும், முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் பேச்சு. ஆனால் வெயிலைப் பற்றி அப்படிப் பேசுவார் இல்லை. அது கேளாமலே வருகிறது. கூலி வாங்காமல் நெல்லைக் காயவைக்கிறது; வடாத்தையும் வற்றலையும் உலர்த்துகிறது. கேளாமல் கிடைப்பதன் மதிப்பு நமக்கு எளிதில் விளங்குவதில்லை. பொங்கலன்று ஒரு நாள் நன்றி கூறிவிட்டு, மறுநாளே "என்ன வெயில் இது!" என்று அலுத்துக் கொள்கிறோம்.

இந்த ஆண்டு 'சூரிய ஆற்றல்' என்னும் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தாமல், பள்ளி முற்றத்தில் நடத்திப் பார்க்க விரும்பினேன். தலைமையாசிரியை சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன். "பிள்ளைகள் தலையில் துண்டு போட்டுக்கொள்ளட்டும், குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்ற இரண்டே நிபந்தனைகளுடன் மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: எவரும் எக்காரணம் கொண்டும் சூரியனை நேராகப் பார்க்கலாகாது, பூதக் கண்ணாடி வழியாகப் பார்க்கவே கூடாது. கண் போனால் வராது.

முதல் பாடத்திற்குத் தேவைப்பட்டது ஒரு கம்பு மட்டுமே. அதை முற்றத்தில் செங்குத்தாக நட்டு, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைத்தோம். நிழல் மிகவும் குறுகும் நேரமே உச்சிவேளை. அது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வரும் என்றே எல்லாரும் நம்பியிருந்தனர். தை மாதத்து அந்த நாளில் அது ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு வந்தது! "மணிக்கூண்டு தப்பா, சூரியன் தப்பா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. இரண்டும் தப்பில்லை. நம் கடிகாரம் வட இந்தியாவில் மீர்ஜாப்பூர் அருகே செல்லும் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. தாராசுரம் அதற்கு மேற்கே இருப்பதால், சூரியன் நமக்குச் சற்றுத் தாமதமாகவே உச்சிக்கு வருகிறது. பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இந்த வேறுபாட்டை மாதத்திற்கு மாதம் கூட்டிக் குறைக்கின்றன. நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு கடைசி வாரத்தையொட்டி ஒரு நாளும் உச்சிவேளையில் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். மாணவியரே, விடுமுறையிலும் இதை நீங்கள் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம்.

அடுத்தது பெட்டி அடுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சொசூர் என்னும் அறிஞர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைச் சிறைப்பிடித்து, தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிய வெப்பத்தைப் பெற்றார். 1870-களில் பம்பாயில் நீதிமன்ற அலுவலராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்பவர், கண்ணாடிகள் பதித்த அடுப்பில் வெயிலைக் கொண்டே படைவீரர் சிலருக்கு உணவு சமைத்துக் காட்டினார். வெயில் அடுப்பு புதிய மோகம் அன்று என்பதை என் மாணவியர் இவ்வாறு அறிந்தனர்.

எங்கள் அடுப்புக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டிகள் இரண்டு. பெரியதற்குள் சிறியதை வைத்து, இடைவெளியில் உமியைத் திணித்தோம். வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதில் உமி நல்ல காவல்காரன். நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. உட்புறம் கறுப்பு வண்ணம், மேலே கண்ணாடி, ஒளியைத் திருப்ப அலுமினியத் தாள் ஒட்டிய ஒரு மூடி. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கி வெப்பமாக்குகிறது. ஒளியை உள்ளே விடும் கண்ணாடி, வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் கறுப்புப் பாத்திரத்தில் வைத்தோம். இரண்டரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பொங்கல் குழைந்து இருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. ஆனாலும் அத்தனை ருசி!

இதுவரை எல்லாம் விளையாட்டாகவே நடந்தது. அதன் பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது.

சம்பா அறுவடைக் காலம். பருவம் தப்பி இரண்டு நாள் மழை பெய்திருந்தது. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டு நெல், ஈரம் மிகுந்திருந்ததால் விற்க முடியாமல் சாக்கு போர்த்திக் கிடந்தது. அவள் அப்பா இரவில் நெல்லுக்குக் காவலாக அங்கேயே படுத்திருந்தார். நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது பொது விதி. மழை மிகுந்த சில ஆண்டுகளில் அரசு இதைத் தளர்த்தியதும் உண்டு. அந்தப் பெண் பெட்டி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "டீச்சர், இதில் எங்கள் நெல் காயுமா?"

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்து விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கணக்குப் போடுவோம், செய்தும் பார்ப்போம்" என்றேன்.

முதலில் கணக்கு. 1000 கிலோ நெல்லில் ஈரம் 22 விழுக்காடு என்றால், தண்ணீர் 220 கிலோ; மீதி 780 கிலோ. ஈரத்தை 17 விழுக்காடாக்க வேண்டுமானால் மொத்த எடை ஏறத்தாழ 940 கிலோவாகக் குறைய வேண்டும். அதாவது 60 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். "நாலைந்து குடம் தண்ணீரா! நெல்லுக்குள்ளேயா!" என்று வகுப்பே வியந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு யூனிட் ஆற்றல் வேண்டும். ஆகவே 60 லிட்டருக்கு 40 யூனிட். தெளிவான நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் வெயில் சுமார் 5 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் என்று வைத்தால், ஒரே நாளில் காயவைக்க 24 சதுர மீட்டர் இடம் தேவை. எங்கள் பெட்டியோ ஒரு பலகை அளவு. ஆக, பெட்டி ஒரு வயலின் நெல்லைக் காப்பாற்றாது. இதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வாடியது. ஆனால் கணக்கை மீண்டும் ஒருமுறை தானே போட்டுப் பார்த்தாள்.

பிறகு செய்து பார்த்தோம். ஒரே நெல்லை மூன்று பங்காக்கினோம். ஒன்றை மூடிய பெட்டியில் வைத்தோம். ஒன்றைப் பாயில் வெயிலில் பரப்பினோம். ஒன்றை நிழலில் காற்றாட வைத்தோம். சிறிது நேரத்தில் பெட்டியின் கண்ணாடியில் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து, நெல்லின் மேலேயே சொட்டியது. வெப்பம் மட்டும் போதாது, ஈரம் வெளியேற வழியும் வேண்டும் என்று கண்ணெதிரே தெரிந்தது. பெட்டியின் அடியில் துளைகளும் மேலே ஒரு புகைபோக்கியும் வைத்தோம். சூடான காற்று மேலே ஏற, கீழிருந்து புதுக்காற்று நுழைய, நெல் காயத் தொடங்கியது. இப்படித்தான் 'சூரிய உலர்த்தி' வேலை செய்கிறது.

இதற்கிடையே அந்தப் பெண்ணின் அப்பாயி ஒரு நாள் பள்ளிக்கு வந்திருந்தார். எங்கள் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்தச் சூட்டுல விதை நெல்லை வச்சா முளைக்காது. சோத்து நெல்லும் சட்டுனு காஞ்சா மில்லுல நொய்யாப் போயிடும். அதுக்குத்தான் நாங்க காலால துழாவி துழாவி விடுவோம்" என்றார்.

அவர் சொன்னதையே சோதனையாக்கினோம். மூன்று பங்கிலிருந்தும் ஐம்பது ஐம்பது மணிகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் முடிந்து வைத்தோம். சில நாள் கழித்துப் பிரித்தபோது, நிழலில் உலர்ந்த நெல் பால்வெள்ளையாய் முளை விட்டிருந்தது; பாயில் காய்ந்ததும் நன்றாகவே முளைத்திருந்தது. மூடிய பெட்டியில் வெந்த நெல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளை தெரிந்தது. விதை நெல்லை உலர்த்தும் காற்றின் வெப்பம் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்படலாகாது என்பது வேளாண்மை நூல்களில் உள்ள செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அதை உள்ளங்கையால் அளந்து சொல்லியிருந்தார். நெசவாளர் வீட்டுப் பெண்கள் உடனே எழுந்து, "எங்கள் வீட்டிலும் சாயம் போட்ட பட்டு நூலை நிழலில்தான் உலர்த்துவார்கள்" என்றனர். அன்று வகுப்பில் நான் பேசியது குறைவு.

வெயிலை மின்சாரமாக்கும் பாடமும் இருந்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சிலிக்கன் மின்கலம், விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்று கூரைகளில் காணும் தகடுகள் 20 விழுக்காட்டையும் எட்டுகின்றன. சிறிய தகடு ஒன்றை மின்விசிறிப் பொம்மையுடன் இணைத்து, தகட்டின் ஒரு மூலையைக் கையால் மறைத்தோம். விசிறி தளர்ந்தது. மரநிழல் விழும் கூரையில் தகடு வைக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றிய சேத்தன் சிங் சோலங்கி இவ்வழியில் பல மாநிலங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரிய விளக்கைக் கொண்டு சேர்த்தவர். 2019 காந்தி பிறந்த நாளில் டில்லியில் ஆயிரக்கணக்கான மாணவர் கூடித் தம் கையாலேயே விளக்குகளைப் பொருத்தி ஏற்றினர். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் டெல்டாவைத் தாக்கி, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நினைப்பவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு சிறு விளக்கின் அருமை புரியும்.

நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர்கள் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-இல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களின் முன் உரையாற்றினார். தெருமுனையில் நாம் நாள்தோறும் காணும் வண்டியைத்தான் அவரும் கண்டார். ஆனால் கண்டதோடு நின்றுவிடவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் கூரைத் தகடுகளுக்கு மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வசதி. ஆனால் கூரையில் எந்தத் திசை, எவ்வளவு நிழல், எத்தனை யூனிட் என்று கணக்குப் போட உங்கள் மகளுக்கு இப்போது தெரியும், அவளைக் கேளுங்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை அவள் கேட்டால், குப்பை சேர்க்கிறாள் என்று கடிந்துகொள்ளாமல் கொடுங்கள்.

அந்த மாணவியின் வீட்டு நெல் பிறகு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்து விலை போயிற்று. அதை எங்கள் பெட்டி காயவைக்கவில்லை; அவள் அப்பாவும் அப்பாயியும் களத்தில் துழாவித் துழாவிக் காயவைத்தார்கள். ஆனால் அடுத்த போகத்திற்கான விதை நெல்லை எப்படி உலர்த்துவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "நிழலில்தான், நான் எண்ணிப் பார்த்தேன்" என்று அவள் சொன்னாளாம். அவள் அப்பா அதற்கு மறுப்புக் கூறவில்லையாம்.

அன்பு மாணவியரே! வானத்திலிருந்து வருவது எல்லாருக்கும் பொது. அதை எவ்வளவு, எப்போது, எப்படி என்று அளந்து பயன்படுத்தும் அறிவை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். கேள்வி கேளுங்கள், கணக்குப் போடுங்கள், கையால் செய்து பாருங்கள், மூத்தோர் சொல்வதையும் சோதித்து அறிந்து போற்றுங்கள். வரும் ஆண்டிலும் முற்றத்தில் வெயில் நமக்காகக் காத்திருக்கும்.