கூறைப் புடவையில் பூத்த ரோஜா

"துணிப் பூவா? அதில் மணம் ஏது, குளிர்ச்சி ஏது? பூ என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். மல்லிகையும் முல்லையும் முழம் போட்டு விற்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, துணியைக் கத்தரித்துப் பூப் பண்ணுவது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது. 2018-ம் ஆண்டு என் பெண்ணின் கல்யாணம் வந்து என்னைக் கட்சி மாற வைத்தது.

முகூர்த்தத்துக்கு மல்லிகைதான், அதில் பேச்சில்லை. மாலை வரவேற்புக்கு மட்டும் தலையில் மூன்று பெரிய துணி ரோஜாக்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டாள். கடையில் போய் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல புடவையே எடுத்துவிடலாம் போலிருந்தது. "துணிதானே? வீட்டிலேயே செய்தால் போயிற்று!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

முதலில் சாட்டின் நாடா வாங்கி வந்தேன். வட்ட வட்டமாக வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் போதும். ஓரம் உருகிப் பிசிறு அடங்கிவிடும். இதழும் தானாகவே சுருண்டு கொள்ளும். அரை நாளில் ஒரு ரோஜா தயார். பெருமையோடு அம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூ மாதிரி இல்லையேடி! மிட்டாய்க் காகிதம் மாதிரி இருக்கிறது" என்றாள்.

பூ விஷயத்தில் அம்மா சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அவள் தொடுக்கிற சரத்தில் ஒரு மொட்டுக்கூடக் கோணிக்கொண்டு நிற்காது. 1994-ல் அப்பா காலமான பிறகும் தொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. சூடிக் கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்று நாங்கள் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறோம். "எனக்கு எதற்கு?" என்று சிரித்துவிட்டு, சரத்தை எங்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிடுவாள்.

மறுநாள் காலையில் அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்து என் மடியில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1963-ல் அவள் கழுத்தில் தாலி ஏறியபோது கட்டியிருந்த கூறைப் புடவை! மாயவரத்தை ஒட்டியிருக்கும் கூறைநாட்டில் நெய்தது. பட்டு நூலும் பருத்தி நூலும் கலந்து, அரக்குச் சிவப்பில் கட்டம் போட்டது. மடிப்பு மாற்றி வைக்காமல் வருஷக் கணக்காகக் கிடந்ததால், மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது.

"இதையா வெட்டச் சொல்கிறாய், அம்மா?"

"கட்டவும் முடியாது, கொடுக்கவும் மனசு வராது. பெட்டியில் கிடந்து பொடியாய்ப் போவதைவிடப் பேத்தியின் தலையில் இருக்கட்டுமே!"

கை நடுங்கத்தான் செய்தது. முந்தானைப் பக்கம் இற்றுப்போகாத இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டினேன். பழைய பழக்கத்தில் அதன் ஓரத்தையும் மெழுகுவர்த்தியில் காட்டினேன். அவ்வளவுதான்! இதழ் கருகி, மயிர் பொசுங்கும் நாற்றம் வீடெங்கும் பரவிவிட்டது. சாட்டின் நாடா என்று இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் பாலியெஸ்டர். அது சூட்டில் உருகும். பட்டு அப்படியல்ல. அது நம் தலைமயிரைப் போலப் புரதத்தால் ஆனது. உருகாது, கருகி, தொட்டால் பொடியாகும். பருத்தியோ காகிதம்போல் எரியும். பட்டு அசலா போலியா என்று பார்க்க ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பது இதனால்தான். கூறைப் புடவை அசல் என்று நிரூபித்தேன். ஒரு இதழ்தான் நஷ்டம்.

"நெருப்பு எதற்கடி? கஞ்சி போடு" என்றாள் அம்மா.

அதன் பிறகு அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் ஒரு மூலையை நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொண்டோம். இரண்டு தேக்கரண்டி ஜவ்வரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி வடிகட்டி, ஆறிய கஞ்சியில் துணியைத் தோய்த்து, முறுக்காமல் ஒற்றி, நிழலில் உலர்த்தினோம். ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இஸ்திரி போட்டோம். துவண்டு கிடந்த துணி மொடமொடவென்று நிமிர்ந்துகொண்டது.

வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இழை ஓடுகிற வாக்கில் நேராக வெட்டினால் ஓரம் பிசிறு விடும். இதழும் வளைந்து கொடுக்காது. தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி இழைக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்ட வேண்டும். ஒரு பூவுக்குச் சின்ன இதழ் மூன்று, நடுத்தரம் ஐந்து, பெரியது ஏழு. ஒரு கரண்டியின் முதுகை அடுப்பில் லேசாகச் சுட வைத்து, மடித்த துண்டின் மேல் இதழை வைத்து அழுத்தினால், அது கிண்ணம்போல் குழிந்துகொள்ளும். மகரந்தத்துக்கு நூல் நுனியில் பசை தொட்டு, மஞ்சள் பொடி கலந்த ரவையில் புரட்டினோம்.

இதழ்களைக் கட்டும் கட்டம் வந்ததும் அம்மா என்னைக் கொல்லைக்கு அனுப்பினாள். "ரோஜாச் செடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வா." ஐம்பது வருஷமாகப் பார்க்காத ரோஜாவா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அன்றுதான் பார்த்தேன். உள் இதழ்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்கின்றன. வெளி இதழ்களோ ஓரம் பின்னால் மடங்கி, போகிற வருகிறவர்களையெல்லாம் பார்க்கின்றன. ஒவ்வோர் இதழும் பக்கத்து இதழின் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த ரகசியம் தெரிந்த பிறகு என் கையிலும் ரோஜா மலர்ந்தது.

துணிப் பூ என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் பட்டுத் துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, சாமணத்தால் மடித்து, சோற்றுப் பசையில் ஒட்டிப் பூச் செய்கிறார்கள். 'சுமாமி' என்று அந்தக் கலைக்குப் பெயர். எடோ காலத்திலிருந்து நடந்து வருகிறது. கியோட்டோ நகரில் நடனம் பயிலும் மைக்கோப் பெண்கள், பிப்ரவரியில் பிளம், ஏப்ரலில் செர்ரி என்று மாதத்துக்கு ஒரு பட்டுப் பூவைக் கொண்டையில் சூடுகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவர்களும் கஞ்சிதானா!" என்று சந்தோஷப்பட்டாள்.

வரவேற்பன்று மாலை பெண்ணின் தலையில் மூன்று அரக்குச் சிவப்பு ரோஜாக்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அம்மாவைத் தேடினேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெள்ளைக் கொண்டையில் சின்னதாக ஒரு சிவப்பு ரோஜா! மிச்சத் துண்டுகளை வைத்து எனக்குத் தெரியாமல் அவளே செய்திருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். அத்தை பழைய காலத்து மனுஷி. என் நெஞ்சு படபடத்தது.

"என்ன அண்ணி, தலையில் பூ?"

"பூ ஏது? துணிதானே!" என்றாள் அம்மா, முகம் மாறாமல். "என் கூறைப் புடவை. உன் அண்ணனுக்காக உங்கள் வீட்டில் எடுத்ததுதான். மறந்து போச்சா?"

அத்தை மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். விரலால் மெல்லத் தொட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடையில் பச்சையைத்தான் எடுத்து வைத்தார்கள், அண்ணி. சிவப்புத்தான் வேண்டுமென்று அடம் பிடித்தது நான்" என்றாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

2021-ல் அம்மா போய்விட்டாள். மூன்று ரோஜாக்களும் என் பெண்ணிடம் இருக்கின்றன. நாலாவது என்னிடம். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி அரிக்கும் என்பதால், ஒரு டப்பாவில் உலர்ந்த வேப்பிலையோடு வைத்திருக்கிறேன். கொண்டை ஊசி செருகிய இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று படிந்திருக்கிறது. துவைத்தால் போய்விடும், நான் துவைக்கவில்லை.

டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வேப்பிலை வாசனையையும் மீறிக்கொண்டு லேசாகத் தேங்காய் எண்ணெய் மணக்கிறது.