கம்பி கட்டக் கூடாதுங்க

பல்லடம் ரோட்டில் நாங்கள் இருந்த சொந்த வீட்டில் இரண்டு தென்னை மரங்கள். அவற்றுக்கு நடுவே 20 மீட்டருக்கு ஒரு செம்புக் கம்பி ஓடும். வருகிறவர்கள் துணிக்கொடி என்று நினைப்பார்கள். அது என் ஹாம் ரேடியோவின் ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 42 மீட்டர், கம்பி அதில் பாதி வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு நாகர்கோவில் நண்பரோடு அதில்தான் பேச்சு. 31 வருஷப் பழக்கம். நேரில் பார்த்தது இரண்டே தடவை.

முட்டிவலி வந்தது, பையன் வற்புறுத்தினான், வீட்டை விற்று அபார்ட்மெண்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் கம்பி கட்ட அனுமதி கேட்டுச் செயலாளரிடம் போனேன்.

“கட்டக் கூடாதுங்க சார். டிஷ் வைக்கவே விடறதில்லைங்க. அதான் செல்போன் இருக்குதுங்களே?”

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போயிருந்ததையும், 26ஆம் தேதி சுனாமி வந்து டெலிபோன்கள் செத்துப்போனபோது அவர்களுடைய ரேடியோதான் போர்ட் பிளேயரிலிருந்து கைகொடுத்தது என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது சரிங்க. இடி விழுந்தா யாருங்க பொறுப்பு?”

நியாயமான கேள்விதான். அதற்குமேல் பேச வாய் வரவில்லை.

ஆனாலும் ஆசை விடுமா? மோட்டார் ரீவைண்டிங் கடையில் முடி மாதிரி மெல்லிய கம்பி வாங்கி, ஒரு ராத்திரி பால்கனியிலிருந்து எதிரே உள்ள வேப்பமரத்துக்கு இழுத்தேன். விடியற்காலைப் பனி அதில் முத்து முத்தாகப் பூத்து வெயிலில் பளபளத்தது. வாட்ச்மேன் தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். அவிழ்த்துவிட்டேன். இந்த வயதில் திருட்டுத்தனம் எதற்கு?

“போன்ல பேசுங்களேன்” என்றாள் என் மனைவி. பேசினேன். இரண்டு நிமிஷத்தில் “வேற என்ன?” வந்துவிட்டது. ரேடியோவில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர்கள் நாங்கள்.

அப்புறம்தான் வளைய ஆன்டெனா ஞாபகம் வந்தது. ஏசி மெக்கானிக்கிடம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செம்புக் குழாய் வாங்கி, ஒரு மீட்டர் விட்டத்துக்கு வளைத்தேன். இரு முனைகளுக்கு நடுவே பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சர். 20 வாட் கொடுத்ததும் அதன் தகடுகளுக்கு நடுவே நீலப்பொறி பறந்தது. சின்ன வளையம்தான், ஆனால் கண்டென்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். 10 வாட்டுக்கு இறங்கினேன். நான் பேசும்போது பேத்தி பால்கனிப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி குழாயிலேயே சூடாகப் போய்விடும். தென்னை மரக் கம்பியோடு இதை ஒப்பிடவே முடியாது.

செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிரில்லுக்கு உள்ளேதான் இருக்கிறது.

“துணி காயப்போடறதுங்களா?”

“ஆன்டெனாங்க.”

சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வில்லங்கம் பின்பக்கத்து பனியன் கம்பெனி. தையல் மெஷின்களின் சர்வோ மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல்தான். வளையத்தின் முகத்தைக் கம்பெனிப் பக்கம் திருப்பினால் கொஞ்சம் அடங்கும், முழுதாகப் போகாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊரே தூங்கும் நாள்.

ஏழு மணி. இரைச்சலே இல்லை. கண்டென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, என் அழைப்புக் குறியீட்டைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை பதில் வந்தது.

“யாரு, திருப்பூர் சாரா? கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கு. ஆனா ஆளு நீங்கதான்.”

வீடு மாறி நாலு மாசமாச்சு, இப்போதுதான் ஆன்டெனா அமைந்தது என்றேன்.

“தெரியும். நாலு மாசமா ஏழு மணிக்கு உங்களக் கூப்பிட்டுப் பாத்துட்டுதான் காப்பி குடிக்கேன்” என்றார்.