25 அடியிலிருந்து 1000 அடிக்கு

கோவை கணபதியில் பேருந்தை விட்டு இறங்கி இரண்டு சந்து திரும்பியதும் மூக்கே வழி சொல்லிவிட்டது. சுட்ட மண்ணும் கரியும் கலந்த பவுண்டரி வாசனை. நான் தேடிப் போன பம்பு கம்பெனி இப்போது மூன்றாம் தலைமுறையின் கையில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

"மொதல்ல பழைய பட்டறையப் பாத்துரலாமுங்க" என்று பேரன் கூட்டிப் போனார். ஓட்டுக் கூரை. உத்தரத்துக்கு அடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு. ஒரே மோட்டார் அதைச் சுழற்ற, அதிலிருந்து தொங்கிய பெல்ட்டுகள் கீழே வரிசையாக நின்ற லேத்துகளை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. தாத்தா பஞ்சாலை ஃபிட்டர். மில் சாமான்களைப் பழுது பார்த்த கைதான் பம்பு செய்யவும் துணிந்தது.

இந்த ஊரில் அப்படித் துணிந்தவர்கள் நிறைய. 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், 1932-ல் பைகாரா மின்சாரம், 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டார். இந்த மூன்றையும் கோவைக்காரர்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, சுற்றிலும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை இழுத்துக் களைத்துப்போன மாடுகளும் பாறைக்கடியில் கிடந்த தண்ணீரும்தான். வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தான்.

சுவரோரம் பலகை மேல் பழைய பம்புகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதலாவது, தொந்தி பெருத்த வார்ப்பிரும்புப் பம்பு. என்ன செய்தாலும் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை அதனால் உறிஞ்ச முடியாது. அது பம்பின் குற்றமில்லை. தண்ணீரைப் பம்பு இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் காற்றழுத்தம்தான் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. ஏட்டுக் கணக்குப்படியே 34 அடிக்கு மேல் காற்றால் தள்ள முடியாது.

அதனால் தண்ணீர் இறங்கினால் பம்பும் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். பாறையில் மேடை வெட்டி, கப்பி கட்டி இறக்குவார்கள். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழையில் ஊற்றெடுத்து மோட்டார் மூழ்கும், அதன் கம்பிச் சுருளான காயில் எரியும். "அந்த ரீவைண்டிங் வேலைலதானுங்க எங்கப்பா ரெண்டாவது ஷெட்டு கட்டுனாரு" என்று பேரன் சிரித்தார்.

இரண்டாவது ஷெட்டைச் சீக்கிரமே கடந்துவிட்டோம். மோட்டாரும் பம்பும் ஒரே உடலான மோனோபிளாக் அங்கேதான் பிறந்ததாம். இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு.

மூன்றாவது ஷெட்டில் ஓடு இல்லை, பெல்ட் இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கணினி லேத்துகள் தாமாகவே கடைந்துகொண்டிருந்தன. என்னை நிறுத்தியது அவையல்ல, எதிர் வரிசையில் உட்கார்ந்து காயில் சுற்றும் பெண்கள். இங்கே செய்வது தண்ணீருக்குள்ளேயே இறக்கும் நீர்மூழ்கிப் பம்பு. அதன் மோட்டாரின் உள்ளேயும் தண்ணீர்தான் நிரம்பியிருக்கும். அதனால் செம்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை. உறையில் நகக்கீறல் பட்டாலும் மோட்டார் போச்சு. ஓர் அக்கா மோட்டாரின் அசையாத பகுதியான, குச்சிபோல் நீண்ட ஸ்டேட்டரின் துளைகளில் கம்பியை ஊசி கோப்பதுபோல் நுழைத்துக்கொண்டிருந்தார். "பேச்சுக் குடுக்காதீங்க சார், எண்ணிக்க மறந்துரும்" என்றார் தலை நிமிராமல்.

நீர்மூழ்கிப் பம்பில் மோட்டார் கீழே, பம்பு மேலே. ஒரு சக்கரம் தள்ளியதை அடுத்த சக்கரம் வாங்கி இன்னும் மேலே தள்ளும். இதைத்தான் ஸ்டேஜ் என்கிறார்கள். ஆழம் கூடினால் ஸ்டேஜ் கூடும், பம்பு நீளும். பலகையில் இருந்த தொந்திப் பம்பு மெலிந்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகள் ஊர் ஊராகத் துளைத்தன. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, இந்தக் கம்பெனி ஒவ்வொரு ஷெட்டாக ஏறியிருக்கிறது. இதைச் சொன்னதும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"1000 அடிக்குக் கேக்கறாங்க. நாங்க குடுக்கலீன்னா பக்கத்துக் கம்பெனி குடுக்கும்ங்க."

கடைசியாக டெஸ்டிங் தொட்டி. பம்பு ஏற்றும் தண்ணீர் குழாய் வழியே சுற்றி மறுபடி அதே தொட்டிக்குள் விழுகிறது. தொட்டியின் உள்சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை ஒரு முழம் மேலே தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். கம்பெனியின் போர் போன கோடையிலேயே நின்றுவிட்டதாம்.

வெளியே ஹாரன் கேட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க ஓடினார். தண்ணீர் லாரி.