யார் பள்ளிக்கு யார் காசு?

ஆர்ச் கேட்டுக்கு உள்ளே ஒரு நெய்வேலி, வெளியே ஒரு நெய்வேலி. உள்ளே வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், அகலச் சாலை, மர நிழல், நிலக்கரிச் சுரங்க நிறுவனமே கட்டிய பள்ளிகள். வெளியே இந்திரா நகர், வடக்குத்து. ரிட்டயர் ஆனவர் மனை வாங்குவதும், கான்ட்ராக்ட் தொழிலாளி வாடகைக்கு வீடு பார்ப்பதும் வெளியேதான். 2001 கணக்கெடுப்பில் நகரியத்தில் ஏறத்தாழ 1.28 லட்சம் பேர், 2011-ல் 1.05 லட்சம். உள்ளே ஆள் குறைந்தது, வெளியே வீடு பெருகியது. வேலைக்குப் போகிறவர் காலை ஷிப்டுக்கு உள்ளே வந்துவிடுகிறார். பிள்ளை வெளியே இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போகிறது.

*

ஒரு உயர்நிலைப் பள்ளியில் இடம் போதவில்லை என்பதை ரிஜிஸ்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். முதலில் காணாமல் போவது சயின்ஸ் லேப். அது ஒன்பதாம் வகுப்பின் இன்னொரு செக்‌ஷன் ஆகிவிடும். அடுத்தது நூலகம், புத்தகமெல்லாம் ஹெட்மாஸ்டர் அறை பீரோவுக்குள் போய்விடும். அதற்கப்புறம் வராந்தா, அதற்கும் அப்புறம் வேப்பமரம். மூன்று பேர் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தால், ஓரத்தில் இருப்பவன் ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டுதான் எழுத முடியும். இன்டர்வெல் பத்து நிமிஷம். கழிப்பறை வரிசையில் பாதிப் பெண் பிள்ளைகள் நிற்கும்போதே மணி அடித்துவிடும். இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

*

சமக்ர சிக்‌ஷா என்ற கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டுதோறும் தரும் ஒருங்கிணைந்த மானியத்தின் கணக்கு: 100-க்கு மேல் 250 பிள்ளைகள் வரை 50,000 ரூபாய். 250-க்கு மேல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் 1 லட்சம், அதோடு சரி.

110 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு 450 ரூபாய்க்கு மேல் விழுகிறது. 1,500 பேர் படிக்கும் பள்ளியில் 66 ரூபாய். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், கழிப்பறை பினாயில் எல்லாம் இதற்குள்தான். கூட்டம் ஏற ஏறத் தலைக்கு விழும் பங்கு சுருங்கும் கணக்கு இது. அந்தக் காசும் நிச்சயமில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது 2,152 கோடி.

அதற்காக முழுக்கத் தலைக்கணக்கு என்றும் போய்விட முடியாது. முப்பது பிள்ளைகள் உள்ள ஊர்ப் பள்ளிக்கும் கூரை வேண்டும், வாட்ச்மேன் வேண்டும். அடிப்படைத் தொகை ஒன்று, அதன்மேல் தலைக்கு இவ்வளவு. இரண்டும் சேர்ந்தால்தான் நியாயம்.

*

அடுத்த பை நிலக்கரிக் காசு. பழுப்பு நிலக்கரிக்கு ராயல்டி 6 விழுக்காடு. 2015 ஜனவரிக்கு முன் கொடுத்த குத்தகை என்றால், அந்த ராயல்டியில் 30 விழுக்காடு அளவுக்கு இன்னொரு தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். 100 ரூபாய் கரிக்கு 6 ரூபாய் ராயல்டி, 1 ரூபாய் 80 காசு அறக்கட்டளைக்கு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே சட்டம் ஒதுக்கிய காசு இது. குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்குக் குறைந்தது 60 விழுக்காடு என்று 2015-ல் விதி போட்டார்கள்.

கலெக்டர் தலைமையில் கூடித்தான் பங்கு பிரிக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கு முதலில் என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது வடக்குத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் புரிகிற மாதிரி வெளியே தெரிய வேண்டும்.

*

இன்னொரு பை சி.எஸ்.ஆர்., நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் காசு. 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 135: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்கிறது சட்டம். எவ்வளவு என்று சொல்லவில்லை. லாபம் இறங்கினால் இந்தக் காசும் இறங்கும், பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை இறங்காது.

கொடுப்பவர் கண்ணுக்கு ஸ்மார்ட் போர்டு தெரியும், ஆர்.ஓ. மெஷின் தெரியும், பெயின்ட் அடித்த சுவர் தெரியும். ரிப்பன் வெட்ட ஏதாவது வேண்டுமே. செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கு எவரும் ரிப்பன் வெட்டியதில்லை.

*

மக்கள் கொடுக்கும் காசும் ஒரு பை. 1950-களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். பெஞ்ச், கடிகாரம், நிலம் என்று மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அதன் இணையகாலத் தம்பி. இரண்டும் நல்ல காரியம். இரண்டிலும் ஒரே ஓட்டை. சிங்கப்பூரில் பழைய மாணவர் உள்ள பள்ளிக்குக் கிடைக்கும். படித்து முடித்துச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகப் போனவர்களின் பள்ளிக்கு யார் கொடுப்பார்?

*

2023 ஜூலையில் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியதை ஊரே டிவியில் பார்த்தது. ஏக்கருக்கு என்ன, வீட்டுக்கு என்ன, வேலை உண்டா என்பதுதான் அன்றைய பேச்சு, அது நியாயமும்கூட. மறுகுடியமர்வு மனையில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பட்டியல் போடுகிறது. பள்ளியும் அதில் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போன குடும்பத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், அங்கே இடம் இருந்ததா என்பதற்கு அட்டவணை இல்லை. நிலம் கொடுத்தவர் பிள்ளைகளோடு, அவர்களுக்கு இடம் விட்டு நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகளும் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்கள்தான்.

*

யார் பள்ளிக்கு யார் காசு என்ற கேள்வி வெளிநாட்டிலும் எழுந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஏழை ஊர்ப் பள்ளிக்கும் இருந்த இடைவெளி நீதிமன்றம் ஏறியது. ஆபட் வழக்கு என்பார்கள். 1998-ல் வந்த தீர்ப்பு, ஏழை மாவட்டங்களில் பள்ளிக் கட்டடத்துக்கு ஒப்புதலான செலவு முழுவதையும் மாநிலமே ஏற்க வேண்டும் என்றது. உள்ளூரில் காசு இருக்கிறதா என்பது பிள்ளையின் தலையெழுத்தாக இருக்கக் கூடாது என்ற வாதம் அங்கே எடுபட்டது. இங்கே ஊருக்கடியில் கரி இருக்கிறது, கரியில் காசும் வருகிறது. பங்கு பிரிக்கும் வரிசைதான் யாருக்கும் தெரியவில்லை.

*

மாநில அரசு 2022-ல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: ஐந்தாண்டில் 18,000 வகுப்பறை. இதையும் சேர்த்தால் பைகள் பல. ஒரு பை கொடுத்தது இன்னொரு பைக்குத் தெரியாது. ஒரே பள்ளிக்கு இரண்டு ஆர்.ஓ. மெஷின் வரலாம், அடுத்த பள்ளிக்கு ஒரு வகுப்பறையும் வராமல் போகலாம்.

எனவே கேட்க வேண்டியது புதுத் திட்டம் அல்ல, ஒரே ஒரு பட்டியல். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நான்கு எண்: ஒரு வகுப்பறைக்கு எத்தனை பிள்ளை, ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், லேபாகவே இருக்கும் லேப் எத்தனை, நிலம் இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை. மோசமான எண் மேலே. எந்தப் பையிலிருந்து காசு வந்தாலும் மேலிருந்து கீழே. வரிசையை மீறினால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நான்கு எண்ணை எடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு நாள் போதும். தீர்மானமாக்கிக் கிராம சபையில் வைக்க இன்னொரு நாள்.