இரண்டு லட்சத்தில் ஒரு நகரும் திண்ணை

கேம்பர் வேன் என்று செல்போனில் தேடிப் பாருங்கள். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை என்று சக்கரம் வைத்த குட்டி வீடே வந்து நிற்கும். விலையும் வீட்டு விலைதான். என் அம்மாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. போகிற இடத்தில் முதுகை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 67 வயது. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பஸ் பயணம் நின்றது. கல்யாணம், வளைகாப்பு எல்லாமே போனில் விசாரிப்பதோடு சரி. அப்பா இருந்தபோது நேர்ந்துகொண்ட நவக்கிரகக் கோயில் யாத்திரை மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

வாடகைக் காரில் போயிருக்கலாமே என்பீர்கள். மதியம் 12 மணியைத் தாண்டி நடை சாத்தினால், பெரும்பாலான கோயில்களில் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்கு ஊர் லாட்ஜ் எடுக்க முடியுமா?

அப்போதுதான் எனக்குச் சீட்டுப் பணம் 2 லட்சம் ரூபாய் வந்தது. "பழைய வண்டியில போட்டா கரைஞ்சிடும்க்கா, பேங்க்ல போடு" என்றான் தம்பி. அவன் பயம் நியாயமானது. வண்டி, ரிப்பேர், படுக்கை, முதல் பயணத்தின் பெட்ரோல், எல்லாம் இந்த 2 லட்சத்துக்குள் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் தேட ஆரம்பித்தேன்.

தேர்ந்தெடுத்தது மாருதி ஆம்னி. 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்த அதே பெட்டி வண்டிதான். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் வேலை தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும். பக்கவாட்டில் இழுக்கும் கதவு என்பதால், முதுகு வலிக்காரர் ஏறி இறங்கச் சுலபம். காற்றுப்பை போன்ற பாதுகாப்பு வசதிகள் கிடையாது என்பதும் தெரிந்தே எடுத்தோம். அதனால் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை.

நான்காவதாகப் பார்த்த வண்டிதான் அமைந்தது. முதல் வண்டி கடலோர ஊரில் ஓடியது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் மெக்கானிக் தம்பி தட்டினார். தகடு பொரிந்து கொட்டியது. "இன்ஜினைச் செஞ்சுக்கலாம்க்கா, துருவை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இரண்டாவதில் கேஸ் கிட் இருந்தது, அது ஆர்.சி.யில் ஏறவில்லை. மூன்றாவதன் மீது ஃபைனான்ஸ் கடன் பாக்கி. தரகர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டதும் தெரிந்துவிட்டது. கடன் தீர்ந்த வண்டியாக இருந்தாலும், ஃபைனான்ஸ் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு அமைந்தது 2012 மாடல், 1,45,000 ரூபாய். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் 7,000. நான்கு டயர் 11,000, பேட்டரி 3,800, பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலை 12,500, கதவு ரோலரும் ரப்பரும் 1,800. படுக்கைக்கு முன்பே இவ்வளவும் செலவானது. பிரேக் பிடிக்காத வண்டியில் மெத்தை போட்டு என்ன பயன்?

படுக்கைக்கு ஆன செலவு 10,600தான். பின் சீட்டின் சாய்மானத்தை முன்னால் மடக்கி, அதன் மேல் வருகிற மாதிரி இரும்புக் கால் வைத்த பிளைவுட் பலகை. அதற்கு மேல் நான்கு அங்குல மெத்தை. பலகையை வண்டியோடு வெல்டிங் செய்யவில்லை, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. தூக்கி வெளியே வைத்தால் பழைய ஆம்னியாகிவிட வேண்டும் என்று வெல்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கொசுவலை, சின்ன ஃபேன், 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 1,800. ஜன்னல் திரை அம்மாவின் பழைய நூல் சேலை. நிறுத்தியிருக்கும்போது மட்டும் கட்டுவோம். அடுப்பு வைக்கவில்லை, ஃபிளாஸ்க் போதும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்குவதில்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

மொத்தம் 1,93,500. மீதி 6,500 ரூபாயோடு, திண்டுக்கல்லில் இருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் கிளம்பினோம், நானும் அம்மாவும் மட்டும்.

வண்டி ஓடும்போது அம்மா முன் சீட்டில், பெல்ட்டோடு. 45 நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் பார்த்து நிறுத்துவேன். பின்னால் போய்க் கால் மணி நேரம் படுத்துக்கொள்வார். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும், அதனால் உருண்டுதான் இறங்க வேண்டும். இரண்டாம் நாளே அம்மாவுக்கு அது பழகிவிட்டது. ஆலங்குடியில் நாங்கள் போவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திக் கதவை இழுத்துவிட்டேன். காற்று வந்தது. அம்மா தூங்கி எழுந்தபோது மணி மூன்றரை. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே, நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி" என்றார்.

திங்களூரில் இருந்து திருநள்ளாறு வரை ஒன்பது கோயில்களுக்கு நான்கு நாள் ஆனது. மூன்று இரவில் இரண்டை வண்டியில் கழித்தோம். இரண்டு பெண்கள் என்பதால், விளக்கும் கேமராவும் கழிவறையும் உள்ள நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்காகப் பார்த்து, அனுமதி கேட்டுத்தான் நிறுத்தினோம். ஓர் இரவு மட்டும் லாட்ஜ், துணி துவைக்க. 560 கிலோமீட்டர் ஓடியதற்கு 40 லிட்டர் பெட்ரோல் ஆனது.

தம்பி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் அவன் மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு மதுரை போக, வண்டியைக் கேட்டு வாங்கிப் போனான்.

2027-ல் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், தகடு அதுவரை தாங்க வேண்டும். அதற்காக மாதம் 500 ரூபாய் தனியாக எடுத்துவைக்கிறேன். அம்மாவிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் திருச்செந்தூர், அடுத்து பேத்தியின் ஹாஸ்டல், அடுத்து முப்பது வருடமாகப் பார்க்காத ஒரு பள்ளித் தோழியின் ஊர் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.